ஒரே பாட்டுக்கு ஒன்பது குரல் டேக்: எதை வைப்பது, எங்கே வெட்டுவது?

குரல்மூலை

வணக்கம். ரீப்பர் 7 என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் குரல் பதிகிறேன். ஒரு கண்டென்சர் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்க இரண்டு இன்புட் உள்ள இண்டர்ஃபேஸ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பின்னணி இசை ஏற்கெனவே முடிந்து ஒரே ஸ்டீரியோ கோப்பாக இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு மேலே பாடுவதுதான் வேலை.

இப்போது செய்யும் முறை: ஒவ்வொரு டேக்குக்கும் (ஒருமுறை பாடிப் பதிந்தது) ஒரு புது டிராக். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடிவிடுவேன். எட்டு, ஒன்பது டிராக் சேர்ந்ததும் ஒன்றை மியூட் செய்து ஒன்றைத் திறந்து கேட்டு, நல்ல வரிகளை வெட்டி, பத்தாவது டிராக்கில் அடுக்குவேன்.

இதில் வரும் தொல்லைகள். எந்த வரி எந்த டேக்கிலிருந்து வந்தது என்று பாதியிலேயே தடம் தப்பிவிடுகிறது. துண்டை இழுத்து வைக்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே விலகிவிடுகிறது. சில இணைப்புகளில் 'டிக்' என்று கேட்கிறது. சிலவற்றில் 'டிக்' இல்லை, ஆனாலும் ஒட்டுப் போட்டது காதுக்குத் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்பதையும் கேட்டு முடிப்பதற்குள் எது நல்லது என்பதே மரத்துப்போகிறது.

டேக், லேன், காம்பிங் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது? லூப் போட்டுப் பதிவதா, தனித்தனியாகவா? பிட்ச் திருத்தம், கம்ப்ரஸர் எல்லாம் எந்தக் கட்டத்தில்?

நாலாவதுலேன்

முதல்ல, டேக்குக்கு ஒரு டிராக்குங்கிறதை விட்டுடுங்க. துண்டு விலகுறதும் தடம் தப்புறதும் அங்கிருந்துதான் வருது. ஒரு டிராக்ல இருந்து இன்னொண்ணுக்குக் கையால இழுக்கும்போது ஸ்னாப் இருந்தா துண்டு கிரிட்ல, அதாவது திரையில இருக்கிற தாளக் கோட்டுல, போய் ஒட்டிக்கும், ஸ்னாப் இல்லைன்னா கை நடுங்குற அளவுக்கு நகரும். டேக் எல்லாம் ஒரே டிராக்குக்குள்ள இருந்தா நேரம் நகரவே நகராது. நீங்க மாத்துறது 'இப்போ எது ஒலிக்கணும்'ங்கிறதை மட்டும்தான்.

ரீப்பர்ல இதுக்கு ரெண்டு வழி. பழைய வழி டேக்: ஏற்கெனவே பதிஞ்சதுக்கு மேலேயே திரும்பப் பதிஞ்சா, ஒரே ஐட்டத்துக்குள்ள (டிராக்ல தெரியுற ஒலித் துண்டு) அடுத்த டேக்கா சேரும். கண்ட்ரோல்+எல் அடிச்சா எல்லா டேக்கும் மேல கீழ விரிஞ்சு தெரியும். வரி ஆரம்பத்துல எஸ் அடிச்சு வெட்டுங்க. வெட்டு எல்லா டேக்குக்கும் சேர்த்தே விழும். துண்டைத் தேர்ந்தெடுத்து டி (T) அடிச்சா அடுத்த டேக், ஷிஃப்ட்+டி (T) முந்தின டேக். மவுஸால நேரா கிளிக் பண்ணியும் எடுக்கலாம். மூணு நாலு டேக் வரைக்கும் இதுவே போதும்.

புது வழி லேன், அதாவது ஒரே டிராக்குக்குள்ள மேல கீழ தனித்தனி வரிசை. இது 7-ஆம் பதிப்புல வந்தது. டிராக் பேனல்ல ரைட் கிளிக் பண்ணி நிலையான லேன்களை இயக்குங்க. ஒவ்வொரு டேக்கும் தனி லேன்ல உட்காரும். அப்புறம் காம்பிங்கை, அதாவது பல டேக்ல இருந்து நல்ல பகுதியைப் பொறுக்கிச் சேர்க்குறதை, இயக்கினா காம்புக்குன்னு தனியா ஒரு லேன் வரும். மூல டேக் மேல மவுஸை இழுத்தா, இழுத்த பகுதி மட்டும் காம்ப் லேன்ல போய் விழும். அதே இடத்துக்கு வேற டேக் வேணும்னா அந்த லேன்ல கிளிக் பண்ணினா மாறிடும். எல்லையைப் பிடிச்சு இடது வலது இழுக்கலாம். எது எங்கிருந்து வந்ததுன்னு கண்ணுக்கே தெரியுறதால ஒன்பது டேக்குக்கு இதுதான் சரி. இன்னொரு காம்ப் லேன் போட்டு ரெண்டாவது தேர்வையும் பக்கத்துலயே வச்சுக்கலாம். மத்த மென்பொருள்கள்ல, லாஜிக்ல டேக் ஃபோல்டர், புரோ டூல்ஸ்ல பிளேலிஸ்ட், கியூபேஸ்ல லேன், ஏபிள்டன் லைவ்ல 11-ஆம் பதிப்புல இருந்து டேக் லேன்: பேர்தான் வேற, வேலை ஒண்ணுதான்.

பதியுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை: டிராக்குக்குப் பேர் வைங்க. ரீப்பர் பதியுற கோப்புக்கு டிராக் பேரைத்தான் சேர்த்துக்கும். 'குரல்_பல்லவி'ன்னு வச்சுட்டுப் பதிஞ்சா நாளைக்கு ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலும் புரியும். பதிஞ்சப்புறம் டிராக் பேரை மாத்தினா கோப்பு பேர் மாறாது.

லூப்பா தனித்தனியான்னு கேட்டீங்க. முழுப் பாட்டை லூப்ல போடாதீங்க. நாலு நிமிஷம் பாடி முடிச்ச மூச்சோட உடனே முதல் வரிக்கு ஓடணும். ரெண்டாவது சுத்துலயே குரல் இறங்கிடும். லூப் நல்லா வேலை செய்யுறது நாலு, எட்டு பார் (தாளச் சுத்து) துண்டுக்கு. அதுலயும் லூப் எல்லையை வரியோட எல்லையில வைக்காதீங்க. முன்னாடி ரெண்டு பார், பின்னாடி ஒரு பார் விட்டு வைங்க. இல்லைன்னா கடைசி எழுத்தோட இழுப்பு அறுந்து, அந்த வால் அடுத்த டேக்கோட தலையில போய் விழும். ஆர் அடிச்சா ரிப்பீட் மாறும், கண்ட்ரோல்+ஆர் பதிவு.

கேட்டுத் தேர்ந்தெடுக்குற முறையையும் மாத்தணும். ஒரு டேக்கை முழுசா, அப்புறம் அடுத்ததை முழுசான்னு கேட்டா காது மரத்துத்தான் போகும். ஒரு வரியை மட்டும் லூப் பண்ணி அந்த வரியோட ஒன்பது டேக்கையும் வரிசையா கேளுங்க. பாட்டு வரிகளை ஒரு தாள்ல எழுதி, பக்கத்துல டேக் எண் போட்டுக் கட்டம் வரைஞ்சுக்கோங்க. நல்லதுக்கு டிக், அவசரத்துக்கு ஆகும்னா வட்டம், தேறாதுன்னா கோடு. மூணு குறிக்கு மேல வேண்டாம். பத்துக்கு எத்தனைன்னு மார்க் போட ஆரம்பிச்சா முடிவுக்கு வரவே மாட்டீங்க. பாடி முடிச்ச உடனேயே முதல் குறியைப் போட்டுடணும். எங்க மூச்சு முட்டிச்சு, எங்க வார்த்தை தடுமாறிச்சுன்னு அப்போ தெரியுற அளவுக்கு அப்புறம் தெரியாது.

ரெண்டு எச்சரிக்கை. ஒரு டேக் இன்னொண்ணைவிட 1 டெசிபல் சத்தமா இருந்தாலே அதுதான் நல்லதுன்னு காது சொல்லும். அதனால ஐட்டத்தோட வால்யூமைச் சரிக்குச் சமமா வச்சுட்டு ஒப்பிடுங்க. அடுத்தது, சோலோல (குரலை மட்டும் தனியா ஒலிக்கவிட்டு) ஒப்பிடாதீங்க. இசையோட சேர்த்துத்தான் கேட்கணும். சோலோல கேட்கிற பாதிக் குறை இசையில தெரியாது. தாளம் தப்பினது மாதிரி பெரிய குறை சோலோல தெரியாது.

வெட்டுஒட்டு

முறையை மேலே சொல்லிவிட்டார். நான் இணைப்புக்கு மட்டும் வருகிறேன், ஏனெனில் கேள்வியில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. 'டிக்' கேட்பது ஒன்று, ஒட்டு தெரிவது இன்னொன்று. முதலாவதற்கு மருந்து கிராஸ்ஃபேட்: ஒரு துண்டு தேய, அடுத்தது எழும்படி இரண்டையும் கலப்பது. இரண்டாவதற்கு வெட்டும் இடம்.

'டிக்' ஏன் வருகிறது? வெட்டிய இடத்தில் அலை பூஜ்யக் கோட்டில் இல்லாமல் மேலேயோ கீழேயோ நிற்கிறது. அடுத்த துண்டு வேறு உயரத்தில் தொடங்குகிறது. அந்தத் திடீர்த் தாவல்தான் சத்தம். இரண்டு துண்டையும் 5 முதல் 10 மில்லி செகண்ட் மேற்பொருத்தி கிராஸ்ஃபேட் போட்டால் போய்விடும். தானியங்கி கிராஸ்ஃபேடை ரீப்பரில் ஆல்ட்+எக்ஸ் மாற்றும். அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யக் கோட்டைத் தேடித்தேடி வெட்டுவது கிராஸ்ஃபேட் இல்லாத நாட்களின் பழக்கம். இப்போது அது தேவையில்லை.

கிராஸ்ஃபேடின் வளைவும் முக்கியம். வெவ்வேறு டேக்குகளின் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. நேர்கோட்டு வளைவில் ஒட்டினால் நடுவில் சுமார் 3 டெசிபல் பள்ளம் விழும். அதற்குச் சம சக்தி வளைவு, அதாவது நடுவில் வயிறு தள்ளிய வளைவு வேண்டும். ஒரே டேக்கை வெட்டித் திரும்ப ஒட்டினால் நிலைமை தலைகீழ்: நேர்கோட்டு வளைவுதான் சரி, சம சக்தி போட்டால் மேடு வரும்.

இனி வெட்டும் இடம். திரையில் அலையைப் பார்த்து வெட்டுவதைவிட எழுத்தைக் கேட்டு வெட்டுவது மேல். தமிழில் பாடுபவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு: இரட்டித்த வல்லினம். க்க, ட்ட, த்த, ப்ப வரும்போது வாய் முழுதாக மூடிக்கொள்கிறது; அந்த நேரத்தில் ஒலியே இல்லை. மெதுவான பாட்டில் அந்த மௌனம் 100 மில்லி செகண்டுக்கும் மேலே போகும். 'பார்த்தேன்' என்பதில் 'த்'துக்குள் வெட்டி இரு வேறு டேக்குகளை ஒட்டினால், சுருதியும் சத்தமும் ஓரளவு ஒத்திருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. ச்ச-வும் அப்படித்தான். வெடிப்புக்கு முன்னால், மௌனத்துக்குள் வெட்ட வேண்டும். வெடிப்பின் மேலே வெட்டினால் இரண்டு வெடிப்பு கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது.

ஆனால் எல்லா வல்லினத்தையும் நம்பிவிடாதீர்கள். 'மகன்', 'அது', 'தபால்' போன்றவற்றில் இரு உயிருக்கு நடுவே ஒற்றையாக வரும் எழுத்து மென்மையாகிவிடுகிறது. குரல் நிற்பதே இல்லை. ந்த, ம்ப, ங்க-வும் அதே கதை. எழுத்தில் வல்லினம், ஒலியில் இடைவெளி இல்லை. அங்கே வெட்டினால் நீண்ட உயிரின் நடுவில் வெட்டியதற்குச் சமம்.

'காசு', 'பாஷை' போன்றவற்றில் வரும் ச, ஷ, ஸ ஒலிகள் இரைச்சல் வகை. இரைச்சலோடு இரைச்சல் ஒட்டுவது எளிது, 10 மில்லி செகண்ட் கிராஸ்ஃபேட் தாராளம். ம, ன-வில் அவசரத்துக்கு வெட்டலாம், வாய் மூடியிருப்பதால் குரலின் நிறம் டேக்குக்கு டேக் அவ்வளவு மாறாது. ர, ல, ள, ழ-வில் வேண்டாம். நாக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் இரு டேக்கின் பாதை ஒன்றோடொன்று சேராது. இழுக்கும் உயிரிலும் கமகத்திலும் வெட்டவே கூடாது. கமகம் நன்றாக விழுந்த டேக் எதுவோ, அதன் முன் எழுத்திலிருந்து பின் எழுத்துவரை மொத்தமாக எடுத்துவிடுங்கள்.

மூச்சைப் பற்றி. மூச்சு அடுத்த வரிக்குச் சொந்தம், முந்தைய வரிக்கு அல்ல. அந்த மூச்சின் நீளமும் வேகமும் அதைத் தொடர்ந்து வரும் வரிக்காக எடுக்கப்பட்டவை. ஆகவே வெட்டு மூச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பலரும் மூச்சுக்குப் பிறகு, சொல் தொடங்கும் இடத்தில் வெட்டுகிறார்கள். ஆழமான மூச்சுக்குப் பின் மெல்லிய வரி வருவது அப்படித்தான். ஒட்டுப் போட்டது தெரிகிறது என்று நீங்கள் சொன்னதில் பாதி இதுவாக இருக்கலாம். இரண்டு டேக்கின் மூச்சும் அடுத்தடுத்து வந்து இரட்டை மூச்சு ஆகிவிட்டதா என்றும் பாருங்கள். மூச்சை மொத்தமாக நீக்குவதும் ஆகாது. 4 முதல் 6 டெசிபல் இறக்கினால் போதும்.

வரிகளுக்கு நடுவே முழு மௌனம் இருந்தாலும் ஒட்டு தெரியும். அறைக்கு என்று ஒரு மெல்லிய ஓசை இருக்கிறது. துண்டு முடிந்ததும் அது சட்டென்று நின்று, அடுத்த துண்டோடு திரும்ப வருவதைக் காது பிடித்துவிடும். ஒவ்வொரு அமர்விலும் மைக் முன்னால் அசையாமல் 15 செகண்ட் வெற்று அறையைப் பதிந்து வையுங்கள். இடைவெளியில் அதைப் போடலாம். இசை அடர்த்தியான பாட்டுக்கு இது வேண்டாம். குரலும் ஒற்றை வாத்தியமும் மட்டுமே உள்ள பாட்டுக்குக் கட்டாயம்.

ஒற்றைமூச்சு

இவ்வளவு அறுவை தேவைப்படுவதே ஒன்பது டேக் இருப்பதால்தான். முழு டேக் நான்கு போதும். அதில் முதுகெலும்பாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாட்டில் பாதிக்கு மேல் அந்த ஒன்றிலிருந்தே வர வேண்டும். மற்ற மூன்று, அதில் ஓட்டையான வரிகளை அடைக்க மட்டும். ஒவ்வொரு வரிக்கும் 'ஒன்பதில் சிறந்தது' என்று பொறுக்கினால் ஒவ்வொரு வரியும் நன்றாக இருக்கும், பாட்டு நன்றாக இருக்காது. முதல் வரியில் சோகம், இரண்டாவதில் உற்சாகம், மூன்றாவதில் களைப்பு என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்.

முதுகெலும்பை எதை வைத்துத் தேர்வது? தாளமும் பாவமும். சுருதி அல்ல. 20, 30 சென்ட் (நூறு சென்ட் ஒரு அரைச்சுரம்) விலகிய சுரத்தைப் பிட்ச் திருத்தத்தில் சுவடு தெரியாமல் நேராக்கலாம். உயிரில்லாத வரிக்கு எந்தப் பிளகினும் கிடையாது. உச்சத்தில் கிளிப் ஆகிய (சத்தம் அளவு மீறிச் சிதைந்த) வரியை எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

நான்கு டேக்கிலும் தேறாத வரி இருந்தால், அதை மட்டும் பஞ்ச்-இன், அதாவது அந்த இடத்தில் மட்டும் திரும்பப் பதிவது. ரீப்பரில் பதிவுப் பொத்தானில் ரைட் கிளிக் செய்து, தேர்ந்த நேரப் பகுதிக்குள் மட்டும் தானாகப் பதியும் முறையை எடுங்கள். அந்த வரியை நேரப் பகுதியாகக் குறியுங்கள். தொடக்க எல்லை மூச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பிளேபேக்கை இரண்டு வரி முன்னால் தொடங்கி, அந்த இரண்டு வரியையும் சேர்த்தே பாடுங்கள். நேராக அந்த வரியில் குதித்தால் குரலின் அழுத்தம் முந்தைய வரியோடு ஒட்டாது. முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்த வரியின் பாதிவரை பாடிவிடுங்கள். அது பதியாது, ஆனால் கடைசி எழுத்து விழுந்துவிடாமல் காக்கும்.

பஞ்ச்-இன் செய்வது என்றால் அன்றே செய்யுங்கள். அதே நாள், அதே மைக், அதே கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு). மைக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர். பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து 10 சென்டிமீட்டரில் நிறுத்தி, வாயை அதிலிருந்து சம தூரத்தில் வையுங்கள். காலடியில் டேப் ஒட்டிக் குறியுங்கள். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் மைக்குக்கு அருகில் போகப்போக அடித்தொனி ஏறும். ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்தாலே குரல் வேறு ஆள் போல் இருக்கும். உச்சம் –12 முதல் –6 டெசிபலுக்குள் நிற்கும்படி கெயினை வைத்துவிட்டு, அமர்வு முடியும்வரை தொடாதீர்கள். 24 பிட்டில் அதற்கு மேலே ஏற்றி எந்த லாபமும் இல்லை.

பிட்ச் திருத்தம் காம்ப் முடிந்த பிறகு. கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ஈக்யூ (அடி, உச்சத் தொனிகளைக் கூட்டிக் குறைப்பது) அதற்கும் பிறகு. துண்டுகளின் சத்தத்தை ஐட்டம் வால்யூமில் சமமாக்காமல் கம்ப்ரஸர் போட்டால், ஒரு வரி மட்டும் கூடுதலாக நசுங்கும். சத்தம் சமமாகிவிடும், நிறம் ஆகாது. பாடும்போது கேட்கும் ரிவெர்பைப் (எதிரொலி விளைவு) பதிவில் சேர விடாதீர்கள். வாலோடு பதிந்த குரலை எங்கே வெட்டினாலும் தெரியும்.

குரல்மூலை

மூவருக்கும் நன்றி. லேன் முறைக்கு மாற்றிவிட்டேன், துண்டு நகரும் பிரச்சினை போய்விட்டது. இரட்டித்த எழுத்தில் வெட்டுவது உண்மையிலேயே சுலபமாக இருக்கிறது.

மீதி இரண்டு. பல்லவியில் ஒரு இணைப்பில் அரை நொடிக்கு இரண்டு பேர் சேர்ந்து பாடுவது போல் கேட்கிறது. 'டிக்' வராமல் இருக்க அங்கே கிராஸ்ஃபேடைப் பெரிதாக்கியிருக்கிறேன். அடுத்து, சரணத்தில் ஒரு வரி மட்டும் மற்றதைவிடக் கனமாக, மூடிய மாதிரி இருக்கிறது. பாடியது அந்த டேக்கில்தான் சரியாக இருப்பதால் விட மனமில்லை.

வேண்டாத டேக்குகளை, முதன்மைக் குரலோடு சேர்ந்து ஒலிக்கும் அடுக்குக் குரலுக்குப் பயன்படுத்தலாமா?

வெட்டுஒட்டு

முதலாவது, நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். கிராஸ்ஃபேட் நீளமாக இருக்கும் நேரம் முழுவதும் இரண்டு டேக்கும் சேர்ந்தே ஒலிக்கின்றன. இரண்டிலும் சுருதி சில சென்ட் வேறு, அதிர்வும் வேறு. ஆகவே கோரஸ் விளைவு வருகிறது. 10 மில்லி செகண்டுக்குக் குறையுங்கள். குறைத்ததும் 'டிக்' திரும்ப வந்தால் அல்லது குரல் தாவினால், வெட்டு இழுக்கும் உயிருக்குள் இருக்கிறது என்று பொருள். கிராஸ்ஃபேடை இழுத்து அதை மூடப் பார்க்காதீர்கள். எல்லையைப் பிடித்து முந்தைய மெய்யெழுத்துக்கோ மூச்சுக்கோ தள்ளுங்கள். பக்கத்தில் நல்ல இடமே இல்லையென்றால் அந்தச் சொல்லையே முழுதாக ஒரு டேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, மைக்குக்கு நெருங்கிப் பாடியதன் விளைவு. அந்தத் துண்டுக்கு மட்டும் டேக் எஃபெக்டாக ஒரு ஈக்யூ போடுங்கள், டிராக்கில் அல்ல. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ளதை மொத்தமாக இறக்கும் அமைப்பு), 2 முதல் 3 டெசிபல் குறைப்பு. மூடிய தன்மை மைக்கை விட்டு முகம் திரும்பியதால் வந்திருந்தால், 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 1, 2 டெசிபல் ஏற்றம் தேவைப்படும். முந்தைய வரி, இந்த வரி, அடுத்த வரி மூன்றையும் சேர்த்து லூப் செய்து, இசையோடு கேட்டுச் சரி செய்யுங்கள். 4 டெசிபலுக்கு மேல் போக வேண்டியிருந்தால் அந்த வரியைத் திரும்பப் பாடுவதே நேரம் மிச்சம்.

அடுக்குக் குரலுக்கு மீந்த டேக்குகளைப் பயன்படுத்தலாம், ஒரு பொறியைத் தவிர்த்தால். முதன்மைக் குரலின் காம்பில் ஏதாவது ஒரு சொல் மூன்றாவது டேக்கிலிருந்து வந்திருக்கிறது, அடுக்குக் குரலும் அதே இடத்தில் மூன்றாவது டேக் என்று வையுங்கள். இரண்டும் ஒரே அலை. இரண்டின் சத்தமும் சமமென்றால் அந்தச் சொல் மட்டும் 6 டெசிபல் ஏறும், அடுக்கே காணாமல் போகும். இடம் வலமாக விரித்திருந்தால் அந்தச் சொல்லுக்கு மட்டும் நடுவுக்குக் குதிக்கும். அதனால் முதன்மைக் காம்பை முடித்த பிறகு, அதில் பயன்படாத பகுதிகளிலிருந்து மட்டும் அடுக்கைக் கட்டுங்கள். நேரத்தைச் சொல் தொடக்கத்திலும் முடிவிலும் நெருக்கமாக ஒட்டுங்கள், முக்கியமாக ச, ட்ட, க்க போன்ற கூர்மையான ஒலிகளில். இரண்டு 'ச' தள்ளித்தள்ளி விழுந்தால் அசிங்கமாக இருக்கும். அடுக்கில் அந்த 'ச'வை இறக்கியோ நீக்கியோ விட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பச்சைஅலை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் பயன்படுத்தும் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் லேன் கிடையாதே? அதில் இதைச் செய்ய வழி உண்டா? இன்னொன்று, நான் பதிவது எல்லாமே இசைக்குக் கொஞ்சம் பின்னால் விழுகிறது. எல்லா டேக்கும் ஒரே அளவுக்குத்தான்.

ஒற்றைமூச்சு

ஒரே அளவுக்கு விலகுவது நல்ல செய்தி: அது உங்கள் பாட்டு அல்ல, அமைப்பு. ஆடாசிட்டியின் ஆடியோ அமைப்புகளில் தாமத ஈடு என்று ஒரு எண் இருக்கும், வழக்கமாக –130 மில்லி செகண்ட். அது உங்கள் இண்டர்ஃபேஸுக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை. இண்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போடுங்கள். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, வெளியீட்டைக் குறைத்து வையுங்கள். டைரக்ட் மானிட்டரிங் (இன்புட்டை நேராக வெளியீட்டுக்கு அனுப்புவது) அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். ஒரு கிளிக் டிராக்கை (தாளத்துக்கு டக் டக் என்று ஒலிப்பது) ஓடவிட்டு இன்னொரு டிராக்கில் பதியுங்கள். இரண்டு கிளிக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து அந்த எண்ணைத் திருத்துங்கள்: பதிந்தது 20 மில்லி செகண்ட் பின்னால் விழுந்தால் –130 என்பது –150 ஆகும். இன்னொரு முறை பதிந்து சரிபாருங்கள்.

டேக்குகளுக்கு: ஷிஃப்ட்+ஆர் புது டிராக்கில் பதியும்; வெறும் ஆர் இருக்கிற டிராக்கின் கடைசியில் போய்ச் சேரும், அதுதான் பலருக்கு 'டேக் எங்கே போனது' என்று குழப்பம் தருவது. எல்லா டேக்கும் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து பதிந்தால் வரிசை தானாக ஒத்துப்போகும். பிறகு வேண்டாத பகுதியை அழிக்காதீர்கள், மௌனமாக்குங்கள். நடுவில் அழித்தால் பின்னால் உள்ளது முன்னே நகர்ந்து, அந்த டேக் முழுவதும் இசையைவிட்டு விலகிவிடும். நேரம் நகராமல் ஒரு டிராக்கிலிருந்து இன்னொரு டிராக்குக்கு மாறுவதற்கு, இரண்டு டிராக்கிலும் மேற்பொருந்தும் சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்து டிராக்குகளுக்கான கிராஸ்ஃபேட் எஃபெக்டைப் போடுங்கள். மௌனமாக்கியதை 'அன்டூ' செய்தால்தான் திரும்பப் பெற முடியும்; அதனால் வேலை தொடங்கும் முன் புராஜெக்டுக்கு இன்னொரு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

ஆடாசிட்டியில் பஞ்ச் அண்ட் ரோல் என்று ஒன்று இருக்கிறது, ஷிஃப்ட்+டி (D). அது உரை வாசிப்பவர்களுக்காகச் செய்தது. கர்சர் வைத்த இடத்துக்குப் பின்னால் இருப்பதை மாற்றிக்கொண்டே போகும். பாட்டின் நடுவில் ஒரு வரியைத் திருத்த அதை நம்பாதீர்கள்.

நான்கைந்து டேக்குக்கு மேல் போவதாக இருந்தால் லேன் உள்ள மென்பொருளுக்கு மாறிவிடுவதே நல்லது. பிடிவாதம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

நாலாவதுலேன்

டிஸ்க் பத்தி யாரும் சொல்லலை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோன்னா நிமிஷத்துக்கு 8.64 எம்பி. நாலு நிமிஷப் பாட்டு ஒரு டேக் கிட்டத்தட்ட 35 எம்பி, ஒன்பது டேக் 311 எம்பி. பெரிய விஷயம் இல்லை. ஒரே மைக்கை ஸ்டீரியோ இன்புட்டா எடுத்துப் பதிஞ்சா இது ரெண்டு மடங்காகும், ஒரு லாபமும் இல்லை. டிராக் இன்புட் மோனோவான்னு பாருங்க. அதனால டேக்கை அழிச்சு இடம் சேர்க்குறதுல அவசரமே வேண்டாம். பாட்டு வெளியே போறவரைக்கும் எல்லாம் இருக்கட்டும்.

காம்ப் முடிஞ்சதும் லேன் டிராக்கை அப்படியே டூப்ளிகேட் பண்ணி, மூலத்தை மியூட் பண்ணி மறைச்சு வைங்க. நகல்ல மட்டும் காம்பை ஒட்டி ஒரே கோப்பாக்குங்க. பிட்ச் திருத்தம் அந்தக் கோப்புல. ஒட்டினப்புறம் கிராஸ்ஃபேட் எல்லையை இழுக்க முடியாதுங்கிறதால, ஒட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இணைப்பையும் ஹெட்ஃபோன்ல ஒருமுறை கேட்டுடுங்க. ஸ்பீக்கர்ல மறைஞ்சிருக்கிற மூச்சு வெட்டு ஹெட்ஃபோன்ல தெரியும்.

ரீப்பர் ஃபைல் மெனுவுல புராஜெக்ட் ஃபோல்டரைச் சுத்தம் பண்றதுன்னு ஒண்ணு இருக்கு. அது இப்போ திறந்திருக்கிற புராஜெக்ட்ல பயன்படாத கோப்புகளைக் காட்டி நீக்கச் சொல்லும். நடப்பு டேக்கை மட்டும் வச்சு மத்ததைக் கழிச்சுட்டீங்கன்னா மத்த டேக் எல்லாமே 'பயன்படாத'துலதான் வரும். அதே ஃபோல்டர்ல பழைய பதிப்பு புராஜெக்ட் கோப்புகள் இருந்தா அதுகளும் அந்த டேக்கைத் தேடும். பட்டியலை வரி வரியாப் பார்க்காம ஓகே அடிக்காதீங்க. பேக்கப்புக்கு 'சேவ் ஆஸ்'ல எல்லா மீடியாவையும் புராஜெக்ட் ஃபோல்டருக்கு நகலெடுக்குற பெட்டியை டிக் பண்ணி, அந்த ஃபோல்டரை மொத்தமா வேற டிஸ்க்ல போடுங்க. அந்தக் குறி போட்ட தாளையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல வச்சுடுங்க.